ஓவன் இல்லாத ஓட்ஸ் குக்கீஸ்: பேரீச்சையா, வெல்லப்பாகா?

ஒரு கப் வறுத்த ஓட்ஸ், அரை கப் வேர்க்கடலை வெண்ணெய். இதுவரை இரண்டுக்கும் ஒன்றுதான். எதை வைத்துப் பிடிப்பது என்பதில்தான் வேறுபாடு.

பேரீச்சை என்றால் பத்துப் பழத்தைக் கொட்டை நீக்கி, வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, ஒட்ட வடித்து அரைக்க வேண்டும். வடிக்காமல் விட்டால் எல்லாம் கையோடு வரும், உருட்டவே முடியாது. நார்ச்சத்து கூடவே கிடைக்கும். ஆனால் ஃபிரிட்ஜை விட்டு எடுத்தால் கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடும்.

வெல்லப்பாகு கடலை உருண்டை மாதிரி கெட்டியாகப் பிடிக்கும். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருண்டையாகத் திரள வேண்டும். அதுவரை அடுப்பை விட்டு நகர முடியாது. அப்புறம் ஆறுவதற்குள் பிடிக்கணும், உள்ளங்கை சிவந்துவிடும். வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் ஆறுதல்.

வெல்லமும் சர்க்கரைதானே! என் ஓட்டு பேரீச்சைக்கு. பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்கு மட்டும் பாகு.