நார்கன் மூக்கு ஸ்பிரே: பெட்டியும் அதற்குப் பணம் தருபவர்களும்

காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒருநாளும் பயன்படாமலே காலாவதியாகிவிட வேண்டும் என்று விரும்புகிறவன் எழுதும் மதிப்புரை இது. அமெரிக்காவில் 2023 செப்டம்பர் முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே கடைகளில் விற்கப்படும், போதைப்பொருள் அளவு மீறி மூச்சு அடங்குபவரை மீட்கும் நார்கன் என்னும் 4 மில்லிகிராம் நலோக்சோன் மூக்கு ஸ்பிரேயை நான் இரண்டு முறை பெற்றிருக்கிறேன். முதல் முறை மருந்துக்கடையில் விலைக்கு வாங்கினேன். இரண்டாம் முறை, ஒரு சமூக அமைப்பு நூலக வாசலில் போட்டிருந்த மேசையில் இலவசமாகப் பெற்றேன். பெட்டிகள் இரண்டும் ஒரே மாதிரியானவைதாம். அவற்றோடு எனக்குக் கிடைத்தது மட்டும் வேறுபட்டது.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் தனித்தனி உறைகளில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முறைக்கான மருந்துதான் உண்டு என்பதால், வேலை செய்கிறதா என்று காற்றில் அழுத்திப் பார்த்தால் அந்தக் கருவி வீணாகிவிடும். ஹெராயின், ஃபெண்டனில், மருத்துவர் எழுதித் தரும் சில வலிநிவாரணி மாத்திரைகள் ஆகிய ஓபியாய்டுகள் அளவு மீறும்போது மூளையில் சுவாசத்தை இயக்கும் பகுதி மந்தப்பட்டு, மூச்சு மெல்ல மெல்ல அடங்கி உயிர் போகிறது. நலோக்சோன் அந்த ஓபியாய்டுகளை அவை பற்றியிருக்கும் இடத்திலிருந்து விலக்கிவிட்டுத் தான் அமர்ந்துகொண்டு, பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் மூச்சைத் திரும்பக் கொண்டுவருகிறது. அதற்குள் அசைவில்லை என்றால் இரண்டாவது கருவியைப் பயன்படுத்த வேண்டும். உடலில் ஓபியாய்டே இல்லாத ஒருவருக்குத் தவறிக் கொடுத்துவிட்டாலும் கேடு எதுவும் நேர்வதில்லை. பதற்றத்தில் முடிவெடுக்க வேண்டியவருக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

குறைகளும் உண்டு. மருந்தின் வீரியம் ஏறத்தாழ 30 முதல் 90 நிமிடங்களில் இறங்கிவிடுவதால், எழுந்து உட்கார்ந்து பேசியவருக்கே மறுபடியும் மூச்சு அடங்கக்கூடும். எனவே அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்துவிட்டு உடன் இருப்பது கட்டாயம். சைலசின் போன்ற கலப்பட மயக்க மருந்துகளின் விளைவை இது நீக்காது. ஆனாலும் ஃபெண்டனிலும் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி என்பதால் கொடுத்துவிடுவதே முறை.

இனிக் கடைக்கு வருகிறேன். நான் வாங்கிய கடையில் பெட்டி பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. பணியாளரை அழைத்து, அவர் சாவி தேடி வந்து, யாருக்கு என்று வரிசையில் நின்றவர்கள் கேட்கும்படி விசாரித்து முடித்தபின், இரண்டு கருவிகளுக்கு 44 டாலர் 99 சென்ட் கொடுத்தேன். மருத்துவர் சீட்டு தேவையில்லை என்று அரசு தடையை நீக்கியதன் நோக்கம் அந்தச் சில நிமிடங்களில் பெருமளவு கரைந்துபோனது. இந்த மருந்து யாருக்கு உண்மையில் தேவையோ அவரிடம் அந்தத் தொகை கையில் இருக்காது. இருந்தாலும் அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல மாட்டார். எப்படிப் பயன்படுத்துவது என்று கடையில் யாரும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நூலக வாசலில் இருந்த தன்னார்வலர் பெயரும் கேட்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. மருந்தில்லாத பயிற்சிக் கருவி ஒன்றை என் கையில் கொடுத்து, கழுத்தைத் தாங்கியபடி தலையைப் பின்சாய்ப்பது, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவது, பின்னர் பக்கவாட்டில் ஒருக்களித்துக் கிடத்துவது எல்லாவற்றையும் பத்து நிமிடங்களில் செய்ய வைத்தார். தனியாக இருக்கும்போது யாரும் போதைப்பொருள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை எந்தக் கண்டிப்பும் இல்லாத குரலில் சொன்னார். தனியாக இருப்பவருக்கு இந்த ஸ்பிரேயை அடித்துவிட ஆள் இருக்காதல்லவா!

இந்த மேசைக்கு ஒரு வரலாறு உண்டு. நலோக்சோன் 1971 முதலே அமெரிக்க மருத்துவமனைகளில் இருந்தது. போதைப்பொருள் பயன்படுத்துவோர் கையிலேயே அதைக் கொடுக்கும் வேலையைச் சிகாகோ ரிகவரி அலையன்ஸ் என்னும் அமைப்பு 1996இல் தொடங்கியது. அதிலிருந்து 2014 ஜூன் வரை இத்தகைய அமைப்புகள் 1,52,283 பேருக்கு மருந்தைக் கொடுத்ததாகவும், அதனால் 26,463 பேர் மீட்கப்பட்டதாகத் தகவல் வந்ததாகவும் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. மாசசூசெட்ஸில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பயிற்சியும் மருந்தும் அதிகம் சென்றடைந்த ஊர்களில் ஓபியாய்டு அளவு மீறி இறப்போர் விகிதம், அவை எட்டாத ஊர்களைவிட 46 சதவீதம் குறைவாக இருந்தது.

எனவே பணம் கொடுப்பவர்களிடம் என் பரிந்துரை இது: ஸ்பிரே பெட்டிகளை மட்டும் வாங்கிக் குவித்துவிட்டுக் கணக்கை முடிக்காதீர்கள். 2021ஆம் ஆண்டின் அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டம் தீங்கு குறைப்புப் பணிகளுக்கென்றே, அதாவது போதைப்பொருள் பயன்படுத்துவோருக்கு நேரும் கேடுகளைக் குறைக்கும் இத்தகைய பணிகளுக்கென்றே, 3 கோடி டாலர் ஒதுக்கியது. ஓபியாய்டு மருந்து வழக்குகளில் மூன்று மருந்து விநியோக நிறுவனங்களும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் ஒப்புக்கொண்ட 2,600 கோடி டாலர் வழக்குத் தீர்வுத் தொகை, மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 18 ஆண்டுகள் வரையிலான தவணைகளில் வழங்கப்படுகிறது. இத்தொகைகளைக் கையாளுகிறவர்களுக்கு மூக்கு ஸ்பிரே கண்ணுக்குப் பிடிக்கும். ஆனால் தசையில் போடும் நலோக்சோன் குப்பி அதைவிட மிகக் குறைந்த விலையில் அமைப்புகளுக்குக் கிடைக்கிறது, ஊசி போடப் பழகியவர்களிடம் அது நன்றாகவே வேலை செய்கிறது. மிச்சமாகும் பணம் மேசைக்குப் பின்னால் நிற்பவரின் சம்பளத்துக்குப் போகலாம். இருமடங்கு மருந்து கொண்ட 8 மில்லிகிராம் ஸ்பிரேக்கு ஒரு காசும் கூடுதலாகத் தர வேண்டியதில்லை என்பது என் முடிவு: நியூயார்க் மாநிலக் காவலர்கள் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்து 2024இல் வெளியான ஒப்பீட்டில் உயிர் பிழைத்தோர் விகிதம் மாறவில்லை, வாந்தியும் போதை முறிவின் வேதனையும்தான் கூடின.

சமூகத்துக்குப் பணம் கொடுத்தால் போதும் என்று நானும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. நான்கு மாநிலங்களின் 67 சமூகங்களில் தேசிய சுகாதார நிறுவனங்கள் நடத்திய ஹீலிங் ஆய்வு, ஓபியாய்டு அளவு மீறி நேரும் இறப்புகளைச் சமூகங்கள் வழியாக 40 சதவீதம் குறைக்கும் இலக்கோடு தொடங்கி, புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதையும் காட்டாமல் 2024இல் முடிவு வெளியிட்டது. கோவிட் காலமும், ஃபெண்டனில் பரவலும், திட்டங்களைச் செயல்படுத்தக் கிடைத்த குறுகிய அவகாசமும் காரணங்களாகக் கூறப்பட்டன. கடைசிக் காரணத்தையே நான் அதிகம் நம்புகிறேன். ஒரு தெருவில் ஒருவர் மீது நம்பிக்கை வருவதற்கே ஓராண்டு பிடிக்கும்.

பொருளுக்கு ஐந்துக்கு ஐந்து, கடை வழிக்கு ஐந்துக்கு இரண்டு, மேசைக்கு ஐந்துக்கு ஐந்து. 2024 தொடக்கம் முதல் தயாரிக்கப்படும் நார்கனின் ஆயுள் நான்கு ஆண்டுகள். உறையவிடாமல் அறை வெப்பத்தில் வைத்திருந்தால் போதும். மேசையின் ஆயுளைப் பற்றித் தன்னார்வலரிடம் கேட்டேன். நல்கை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது என்றும், அடுத்த ஜூலைக்கு இன்னும் கடிதம் வரவில்லை என்றும் சொன்னார்.