கொழுந்து மஞ்சளா வருதா? அன்னபேதியா, ஈடிடிஏவா, ஈடிடிஎச்ஏவா

எலுமிச்சை, செம்பருத்தி, ரோஜால புதுக் கொழுந்து மஞ்சளா வந்து நரம்பு மட்டும் பச்சையா நின்னா அது பெரும்பாலும் இரும்புச்சத்து குறைபாடுதான், அதுக்குக் குடுக்குற மூணு இரும்பு உரம்தான் தலைப்புல இருக்குறது. அதே மஞ்சள் அடி இலைல ஆரம்பிச்சா கதையே வேற, இலை முழுசா வெளிறினா தழைச்சத்து, நரம்புக்கு நடுவுல மட்டும்னா மெக்னீசியம். நம்மாளுங்க எதுக்கெடுத்தாலும் எப்சம் சால்ட்டை (மெக்னீசியம் சல்பேட்) கொட்றாங்க, கொழுந்து மஞ்சளுக்கு அது ஒண்ணும் பண்ணாது.

அன்னபேதிதான் (ஃபெரஸ் சல்பேட்) இருக்குறதுலயே சீப், அதுல 19% இரும்பு இருக்கு, ஆனா போர் தண்ணி உப்பா இருந்து மண்ணும் சுண்ணாம்பா இருந்தா வேர்ல ஊத்துறது வேஸ்ட், பிஎச் (அமில-கார அளவு) 7.5 தாண்டின மண்ணுல சீக்கிரமே துருவா மாறி செடிக்கு எட்டாம போயிடும். இலைல அடிங்க, கேக்கும். லிட்டருக்கு 5 கிராம், கூட 1 கிராம் சிட்ரிக் ஆசிட், வெயில் தாழ்ந்தப்புறம். பழுப்பேறின தூளை வாங்காதீங்க, பச்சை கிரிஸ்டலா இருக்கணும். இந்த இலைல விழுந்த இரும்பு அடுத்த கொழுந்துக்கு நகராது, அதனால பத்து நாளைக்கு ஒருக்கா திரும்ப அடிக்கணும், அதான் இதுல பெரிய தொல்லை (மாடித் தரைல சிந்தினா கறை போகவே போகாது, வீட்ல திட்டு கன்ஃபார்ம்).

ஈடிடிஏ மஞ்சள் பவுடர், 12% இரும்பு. கடைல சீலேட்னு (இரும்பைத் துருவாகாம பிடிச்சு வச்சிருக்குற உரம்) கேட்டா முதல்ல இதத்தான் நீட்டுவாங்க. ஆனா பிஎச் ஆறரை வரைக்கும்தான் இரும்பை கெட்டியா பிடிச்சு வச்சிருக்கும், மேல ஏற ஏற அதை விட்டுட்டு கால்சியத்தை பிடிச்சுக்கும். ஹைட்ரோபோனிக்ஸ்காரங்களுக்கு (மண்ணில்லாம தண்ணில வளக்குறவங்க) ஓகே, ஸ்ப்ரேக்கும் ஓகே, சுண்ணாம்பு மண்ணுல ஊத்த மட்டும் காசு குடுக்காதீங்க.

ஈடிடிஎச்ஏவும் ஒரு சீலேட்தான், அதுல இரும்பு 6% தான், விலையோ பல மடங்கு, ஆனா பிஎச் 9 வரைக்கும் தாங்கும். கரைச்சா நல்ல சிவப்பா வரும். இதை வேர்ல மட்டும் ஊத்துங்க, ஸ்ப்ரேக்கு வேணாம். பாக்கெட்ல ஆர்த்தோ-ஆர்த்தோ (இரும்பை கெட்டியா பிடிச்சுக்குற வடிவம்) எவ்ளோ சதவீதம்னு பாருங்க, அதிகமா இருக்குறதுதான் சரக்கு.

என் கணக்குல உப்புத்தண்ணி வீட்ல ரெண்டு மூணு தொட்டின்னா யோசிக்காம ஈடிடிஎச்ஏ, தோட்டமே இருந்தா அன்னபேதி ஸ்ப்ரே. மண்ணு எப்படின்னு தெரியலன்னா காஞ்ச மண்ணு மேல வினிகர் விடுங்க, நுரைச்சா சுண்ணாம்புதான். எது வாங்குறதுக்கும் முன்னாடி தொட்டி ஓட்டை அடைச்சிருக்கான்னு பாத்துருங்க, தண்ணி தேங்கி வேர் மூச்சு முட்டினாலும் கொழுந்து இதே மஞ்சளாதான் வரும், அதுக்கு இந்த மூணுல எதுவும் வேணாம்.