பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணினி வகுப்பு: மூன்று மாத அனுபவம்

2017-இல் கே.எஸ்.எஸ்.எம். என்னும் மலேசியக் கலைத்திட்டத்துடன் இடைநிலைப்பள்ளிக்கு வந்த அடிப்படைக் கணினி அறிவியல் பாடத்திற்காக, முதலாம் படிவத்தில் பயிலும் என் மகளைக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு டியூஷன் நிலையத்தில் சேர்த்தேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாய்வழிக் கல்விக்கு மாறியவர்களின் தடுமாற்றத்தை உணர்ந்த ஆசிரியை, கருத்தைத் தமிழில் விளக்கிய பின்னரே தேர்வுக்குரிய மலாய்ச் சொல்லைத் தருகிறார். 8, 4, 2, 1 என்று எழுதிய நான்கு அட்டைகளைத் திருப்பிப் போட்டு, 13 (8+4+1) என்பது, 0, 1 மட்டும் கொண்ட இரும எண்ணில் 1101 ஆவதை அவர் காட்டிய விதத்தில் எனக்கே (கணக்கு என்றால் ஓடுபவன் நான்) தெளிவு பிறந்தது. கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் பயிற்சிதான் ஏமாற்றம். இருவருக்கு ஒரு கணினி என்பதால் சுட்டியைப் பிடித்த பிள்ளை கற்கிறது, மற்றது வேடிக்கை பார்க்கிறது. வீட்டில் கணினி இருப்பவர்கள் தாராளமாகச் சேர்க்கலாம். இல்லாதவர்கள் அங்குள்ள கணினிகளை எண்ணிப் பார்த்த பிறகே பணம் கட்டுவது நல்லது.