பழைய கஷ்காய் கம்பளம்: பத்து வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஷார்ஜாவில் வாங்கிய கஷ்காய் கம்பளம் எங்கள் வீட்டுக் கூடத்தில் பத்து வருடங்களுக்கு மேலாகக் கிடக்கிறது. பிள்ளைகள் அதில்தான் விளையாடி வளர்ந்தார்கள். தினமும் மிதிபடுகிற பொருளாக அது எப்படி உழைக்கிறது என்று எழுதலாம் எனத் தோன்றியது.

கஷ்காய் மக்கள் தென் ஈரானின் ஃபார்ஸ் பகுதியில் ஆடு மேய்த்தவர்கள். கோடையில் ஜாக்ரோஸ் மலைப்பக்கம், குளிர்காலத்தில் பாரசீக வளைகுடாப் பக்கத்துத் தாழ்நிலம் என்று இடம் மாறுவார்கள். தறியைத் தரையில் முளையடித்துக் கட்டி, கிளம்பும்போது பாதி நெய்ததோடு சுருட்டி எடுத்துப்போய், அடுத்த முகாமில் மறுபடி இழுத்துக் கட்டுவார்கள். இழுவிசை ஒவ்வொரு முறையும் மாறும். அதனால் எங்கள் கம்பளத்தின் ஒரு முனை மற்றதைவிட நன்றாகவே அகலம். பாவு (நெடுக்கு நூல்), ஊடை (குறுக்கு நூல்), முடிச்சு எல்லாமே கம்பளி நூல். வேலைப்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்ததே இந்தக் கோணல்தான்.

நடுவில் அவுரி நீலத் தளம். கரும் நீலமாக வந்துகொண்டிருப்பது ஒரே வரிசையில் சட்டென்று வெளிறுகிறது. ஒரு முறை சாயமேற்றிய நூல் தீர்ந்து, அடுத்த நூல் ஏறிய இடம் அது. இதை அப்ராஷ் என்பார்கள். பூக்களைச் சுற்றிய கரும்பழுப்புக் கோடுகளை விரலால் தடவினால் பள்ளமாக இருக்கும். இரும்பு சேர்ந்த சாயம் காலப்போக்கில் கம்பளியை அரித்துவிடுகிறது. பக்கத்துச் சிவப்பு மட்டும் புடைத்து நிற்கிறது. செதுக்கியது போன்ற அந்த மேடுபள்ளம் புதுக் கம்பளத்தில் வராது.

நிறங்களில் ஒன்றே ஒன்றுதான் குறை. ஓரத்து ஆரஞ்சு மேலே வெளிறிக் கிடக்கிறது, இழையை விரித்துப் பார்த்தால் அடியில் பளிச்சென்று இருக்கிறது. 1856-இல் ஆங்கிலேய வேதியியலாளர் பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு இப்படிப்பட்ட சாயங்கள் கூடாரங்கள் வரை போய்ச் சேர்ந்தன. ஜன்னல் வெயில் பட்டும் செடிச் சாயங்களான அவுரியும் மஞ்சிட்டிச் சிவப்பும் அசையவில்லை. வாங்குகிறவர்கள் கட்டாயம் இழையை விரித்து அடிநிறத்தைப் பாருங்கள், அப்புறம் திருப்பிப் போட்டு ஒட்டுவேலை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சிரமங்களும் உண்டு. முழுக் கம்பளி என்பதால் டைல்ஸ் தரையில் தட்டையாகப் படியாது, மூலை தூக்கும். அடியில் ரப்பர் விரிப்பு போட்டே ஆக வேண்டும். நடுப்பகுதி கல் மாதிரி உழைக்கிறது, தேய்வது ஓரங்கள்தான். பல நிறக் கம்பளி சுற்றிய பக்கவாட்டு ஓரத்தை ஒரு முறை புதிதாகச் சுற்றித் தைக்கக் கொடுத்தேன். பெரிய எதிரி அந்துப்பூச்சி. சோபாவுக்கு அடியில், வெளிச்சம் படாமல் அசையாமல் கிடக்கிற பகுதியில்தான் புழு வைக்கும். சில மாதத்துக்கு ஒரு தடவை கம்பளத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தையும் வாக்வம் கிளீனரால் இழுக்கிறோம். சுழலும் பிரஷ்ஷை மட்டும் கழற்றிவிட வேண்டும், குஞ்சத்தில் சிக்கினால் பாவு நூலோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.