ஈசூன் வீட்டுக்கு ஒரு மெத்தை: கடையில் சொன்னதும் வீட்டில் கண்டதும்

முதலில் என்ன வாங்கினோம் என்று சொல்லிவிடுகிறேன், விவரம் மட்டும் போதும் என்பவர்கள் இந்தப் பத்தியோடு கிளம்பலாம். குவீன் அளவு, பாக்கெட் ஸ்பிரிங், மேலே 5 சென்டிமீட்டர் இயற்கை லேடெக்ஸ் (ரப்பர் பால் நுரை), மொத்த உயரம் 25 சென்டிமீட்டர், இறுக்கம் நடுத்தரம். சிங்கப்பூரில் சுங்கை காடுட் பக்கம் ஒரு மெத்தைக் கடையில் பேரம் பேசி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 1,500 வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே முடித்தோம். மெத்தைக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன். டெலிவரிக்குக் கொடுக்க மாட்டேன்.

வீட்டுக்காரருக்கு ஜூரோங் தீவில் ஷிஃப்ட் வேலை. இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் வந்து படுப்பார், அந்த நேரம் பார்த்துத்தான் கீழே புல் வெட்டும் இயந்திரம் ஓடும், மேல் வீட்டில் யாராவது சுவரில் துளை போடுவார்கள். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பகலில் தூங்குகிறவருக்கு அந்த 7 மணி நேரம் குதிரைக்கொம்பு, ஏனென்றால் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறதே தவிர வேலை அட்டவணையைப் பார்த்து ஓடுவதில்லை. அதனால் மெத்தைக்கு முன்னால் கனமான திரைதான் வாங்கிப் போட்டோம். வெளிச்சத்தை மறைத்ததில் அது செய்த உதவியை எந்த மெத்தையும் செய்திருக்காது, இதை எந்த மெத்தைக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். மிச்சம் இருந்த தொல்லை பழைய மெத்தையிலிருந்து வந்தது: நடுவில் பள்ளம், அவர் ஒரு பக்கம் எழுந்தால் நான் இந்தப் பக்கம் குலுங்குவேன், முதுகு எப்போதும் நனைந்தே இருக்கும்.

அந்த நனைந்த முதுகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூரில் மெத்தை வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது காற்று விடுமா என்பதுதான் என்பது என் கருத்து. தூக்கம் பிடிக்கும் நேரத்தில் உடம்பின் உள்சூடு இயல்பாகவே கொஞ்சம் இறங்கும், அந்தச் சூடு தோல் வழியாக வெளியே போக வேண்டும். இங்கேயோ காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். வியர்வை எங்கே காயும்? கீழே இருக்கும் பொருளும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டால் புரண்டு புரண்டு படுப்பதிலேயே பாதி இரவு போய்விடும். இதில் அதிகம் மாட்டிக்கொள்வது மெமரி ஃபோம். 1966இல் நாசா ஆய்வுக்காக, விமான இருக்கையில் அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்று உருவான நுரை அது. சூடு பட்டால் இளகும், குளிர்ந்தால் இறுகும், அதன் குணமே அதுதான். கடையில் ஏர்கான் சில்லென்று ஓடும்போது படுத்துப் பார்த்தால் அளவான இறுக்கத்தோடு அருமையாக இருக்கும், அதையே ஃபேன் மட்டும் ஓடும் ஈசூன் படுக்கையறையில் போட்டால் கடையில் படுத்த அதே மெத்தையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு உள்ளே வாங்கும். இரவு முழுக்க ஏர்கான் போடுகிறவர்களுக்கு அது சரிப்படலாம். நாங்கள் படுக்கும்போது 25இல் வைத்து இரண்டு மணி நேரத்தில் அணையும்படி டைமர் போடுகிறவர்கள், எங்களுக்கு அது வேண்டாம். “கூலிங் ஜெல்” என்று நீலப் புள்ளி போட்ட மெத்தையையும் தொட்டுப் பார்த்தோம். கை வைத்ததும் ஜில்லென்றுதான் இருந்தது, கொஞ்ச நேரம் படுத்திருந்த பிறகு மற்றதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இன்னொன்று, கட்டில். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் இடம் இல்லாததால் நம்மில் பாதிப் பேர் ஸ்டோரேஜ் பெட்தான் வைத்திருக்கிறோம், மெத்தையைத் தூக்கினால் அடியில் பெட்டி, பழைய புடவை, தீபாவளி விளக்கு, பிள்ளையின் தொடக்கப்பள்ளிப் புத்தகம் எல்லாம் இருக்கும். வசதிதான். ஆனால் மெத்தை உட்காருவது முழுப் பலகையின் மேல், அடியில் காற்றே போகாது, வியர்வை ஈரம் இறங்கித் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பலகையில் காற்றுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வாரம் ஒரு தடவையாவது மூடியைத் தூக்கி நிறுத்திக் கொஞ்ச நேரம் ஃபேன் காற்று பட விடுங்கள். முழு லேடெக்ஸ் மெத்தை என்றால் குவீன் அளவில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கே 40 கிலோவைத் தாண்டிவிடும், அதைச் சுமந்துகொண்டு அந்த மூடி ஏறுமா என்பதையும் கட்டில் கடையில் கேட்டுவிட வேண்டும். நாங்கள் லேடெக்ஸை மேல் அடுக்கோடு நிறுத்திக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, கடைக்கு வருவோம். முதலில் போன பெரிய கடையில் நுழைந்ததுமே “ஆர்த்தோபீடிக்” என்று ஆரம்பித்துவிட்டார்கள். இடுப்பு வலி என்று வாயைத் திறந்தால் போதும், இருப்பதிலேயே கெட்டியானதைக் காட்டுவார்கள். தரையில் பாய் போட்டுப் படுத்து வளர்ந்த நம் ஆட்களுக்கும் கெட்டியாக இருந்தால்தான் முதுகுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை உண்டு, அதனால் இந்தப் பேச்சு எளிதில் எடுபடுகிறது. ஆனால் 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்பெயின் ஆய்வு ஒன்றில், நீண்ட நாளாக இடுப்பு வலி உள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்குக் கெட்டி மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தர இறுக்கமுள்ள மெத்தையும் கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்தபோது, நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது. அதற்காக எல்லோருக்கும் நடுத்தரம்தான் என்று நான் சொல்லவில்லை, உடம்பு கனமானவருக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கம் வேண்டியிருக்கும், ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் உள்ளே அமிழ இடம் வேண்டும். லேபிளில் ஆர்த்தோபீடிக் என்று எழுதியிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

சுங்கை காடுட் கடை அங்கிள் இந்த விஷயத்தில் தங்கமான மனிதர். காலணியைக் கழற்றச் சொன்னார், வீட்டில் எத்தனை தலையணை, எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்று கேட்டுவிட்டு அதே போலத் தலையணை எடுத்துப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார், அரை மணி நேரம் யாரும் எங்களைத் தொந்தரவு செய்யவில்லை. நம் ஆட்கள் கடையில் படுக்க வெட்கப்பட்டு ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிடுவார்கள், அது ஒன்றுக்கும் உதவாது. மல்லாந்து படுத்து இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பாருங்கள். தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்கு அதிகக் கெட்டி, கையே நுழையாமல் இடுப்பு அமிழ்ந்தால் அதிக மென்மை. பிறகு ஒருக்களித்துப் படுத்துக் கூட வந்தவரிடம் முதுகெலும்பு நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், போனில் ஒரு படம் எடுத்தாலே தெரிந்துவிடும்.

ஷிஃப்ட் வேலைக்காரர் வீட்டில் பாக்கெட் ஸ்பிரிங்கைத்தான் பரிந்துரைப்பேன். பழைய வகையில் சுருள்களை ஒன்றோடொன்று கம்பியால் கட்டியிருப்பார்கள், ஒரு மூலையில் அமுக்கினால் மறு மூலை ஆடும். இதில் ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பையில் இருப்பதால் அமுக்கிய இடம் மட்டும் இறங்குகிறது. கடையிலேயே நான் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு அவரை உட்கார்ந்து எழச் சொன்னேன், எப்போது எழுந்தார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டிலும் அப்படியே. சுருள் எண்ணிக்கை ஆயிரம், இரண்டாயிரம் என்று பலகை வைத்திருப்பார்கள், கம்பியின் கனம் என்ன, ஓரத்துக்குத் தனியாகப் பலம் கொடுத்திருக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். எங்கள் மெத்தைக்கு ஓரம் கொஞ்சம் பலவீனம், ஓரமாக உட்கார்ந்து சாக்ஸ் போட்டால் சரிகிறது. நான் கண்ட ஒரே பெரிய குறை இது.

லேடெக்ஸ் வாசனை முதல் சில வாரம் அறையில் இருந்தது. அம்மா ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், விடியற்காலையில் பாட்டியோடு பால்மரம் சீவப் போனவர். மெத்தையை விரித்த அன்று அறைக்குள் வந்து மூக்கைச் சுளித்து, “இதென்னடி, ஒட்டுப்பால் வாடை அடிக்குது, இதுக்கா இவ்ளோ காசு குடுத்த?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 1888இல் இங்கே தாவரவியல் தோட்டத்துக்கு வந்து, மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, மலாயா முழுக்க ரப்பர் நடச் சொல்லி ரிட்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் அலைந்ததில் தொடங்கி, அந்த மரத்தடியில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம் சனங்கள்தான். அதே பாலை நுரையாக்கி வேகவைத்து மெத்தையாக்கி அவர்களின் பேத்திக்கு ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். அது கிடக்கட்டும். லேடெக்ஸில் நிறையத் துளைகள் இருப்பதால் காற்று போகிறது, அமுக்கிய கையை எடுத்ததும் எழும்பிக்கொள்கிறது. ஆனால் பஞ்சு மெத்தை மாதிரி வெயிலில் காயப்போடக் கூடாது, வெயில் பட்டால் லேடெக்ஸ் காய்ந்து நொறுங்க ஆரம்பித்துவிடும். அம்மா ஏற்கெனவே அதைக் காரிடாரில் எப்போது நிறுத்தலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

உயரத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். இப்போது 35 சென்டிமீட்டர் மெத்தைகூட விற்கிறார்கள், பார்க்க ஐந்து நட்சத்திர ஹோட்டல் மாதிரி இருக்கும், ஸ்டோரேஜ் கட்டிலின் மேல் வைத்தால் முழங்கால் வலி உள்ளவருக்குக் கால் தரையில் எட்டாது. அம்மாவின் அறைக்குப் பார்க்கும்போது அப்படி ஒன்றில் உட்கார வைத்தேன், காலை ஆட்டிக்கொண்டே “ஏறிப் படுக்க நான் என்ன பரண்லயா தூங்குறேன்?” என்றார். உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் பட வேண்டும், முதியவர்களுக்கு வாங்கும்போது இறுக்கத்தைவிட இதைத்தான் முதலில் பார்ப்பேன். ஊரிலிருந்து பெட்ஷீட் கொண்டுவருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இங்கே குவீன் 152க்கு 190 சென்டிமீட்டர், அங்கே பெரும்பாலும் நீளம் 198, நான்கு மூலையும் மாட்டுகிற விரிப்பு என்றால் தொளதொளவென்று இருக்கும்.

காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல் வருகிற வீடு என்றால், மெத்தை எதுவானாலும் உறை முக்கியம். தூசிப் பூச்சிக்கு நம் ஊர் ஈரம் ரொம்பப் பிடிக்கும். பூச்சி புகாத உறை போட்டு, விரிப்பைச் சாதாரணத் தண்ணீரில் இல்லாமல் 60 டிகிரி வெந்நீரில் வாரம் ஒரு முறை துவைத்தால்தான் அவை சாகும், மெத்தைக் கடைக்காரர் விற்கும் ஸ்பிரேயை நான் வாங்கவில்லை.

இனி டெலிவரி. சனிக்கிழமை மதியம் என்றார்கள், வீட்டுக்காரர் தூக்கத்தை விட்டுவிட்டுக் காத்திருந்தார், சாயங்காலம் போன் பண்ணினால் லாரி நிறைந்துவிட்டதாம், செவ்வாய்க்கிழமைதானாம். செவ்வாய்க்கிழமை வந்தவர்கள் பழைய மெத்தையை எடுத்துப்போகத் தனிக் கட்டணம் கேட்டார்கள், அது ரசீதில் இல்லை. கொடுக்கவில்லை. பெரிய பொருள்களை அகற்ற நகர மன்றத்தில் சேவை இருக்கிறது, முன்கூட்டியே சொல்லி வைத்தால் வந்து எடுத்துக்கொள்வார்கள். உத்தரவாதம் 10 ஆண்டு என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கிறது, பின்பக்கம் சின்ன எழுத்தில் கறை பட்டிருந்தால் செல்லாது, பள்ளம் இத்தனை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால்தான் செல்லும் என்று இருக்கிறது, அதனால் முதல் நாளே உறை போட்டுவிடுங்கள். 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும் லெமன் சட்டப்படி (குறையுள்ள பொருளை வாங்கியவர்களுக்கான சட்டம்), பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை பொருளைக் கொடுத்தபோதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பாடு. மனம் மாறிவிட்டது, படுக்கப் பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் அது உதவாது. அதற்குப் படுத்துப் பார்த்துத் திருப்பித் தரும் திட்டம் உள்ள கடையாகப் பார்க்க வேண்டும், எங்கள் கடையில் அது இல்லை.

அம்மாவுக்கு அதே கடையில் 18 சென்டிமீட்டர் உயரத்தில் ஒருவர் படுக்கும் சூப்பர் சிங்கிள் மெத்தை ஒன்று சொல்லியிருக்கிறோம். அங்கிள் நல்ல விலைதான் போட்டுக் கொடுத்தார். டெலிவரி தேதி, நேரம், பழைய மெத்தையை எடுத்துப்போவது இலவசம் என்பது, மூன்றையும் ரசீதிலேயே எழுதச் சொல்லி, அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முன்பணம் கொடுத்தேன்.