பத்து மாதம் மாட்டியிருந்த பம்பர் கார்டைக் கழற்றிவிட்டேன்

போன ஆவணியில் பழைய எஸ்யூவி ஒன்று வாங்கினேன். 2021 ஜூலையில் தயாரான வண்டி, 38,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. விற்றுக் கொடுத்த புரோக்கர் வண்டியைச் சுற்றிக் காட்டும்போது முன்பக்கம் வந்து நின்று, "கார்டு மட்டுமே ஒம்பதாயிரத்து ஐநூறு சார், உங்களுக்கு ஃப்ரீயா வருது" என்றார். பம்பருக்கு முன்னால் மாட்டியிருந்த அந்த இரும்புப் பைப் கார்டைப் பற்றியும், அதைக் கழற்றிக் கொடுத்த பெங்களூரு ஜே.சி. ரோடு கடையைப் பற்றியும்தான் எழுதுகிறேன்.

முதலில் கார்டின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் பீன்யாவில் ஒரு டூல் ரூமில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். பிரஸ் டூல், டை, அதாவது இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்குகிற அச்சுகள், இதுதான் தொழில். அதனால் வெல்டிங்கைப் பார்க்காமல் எந்த இரும்பையும் தாண்டிப் போக மாட்டேன். இந்தக் கார்டில் வெல்டிங் சீராக இருந்தது. 60 மில்லிமீட்டர் பைப், வளைத்த இடத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. கறுப்பு பவுடர் கோட்டிங் பத்து மாத மழை வெயிலுக்கு அசையவில்லை. கொரகுண்டேபாளையா சிக்னலில் பைக்கில் வருகிறவர்கள் இடுக்கில் நுழைந்து போகும்போது கார்டில்தான் உரசுவார்கள், பம்பருக்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. வண்டி கம்பீரமாக இருக்கிறது என்று மச்சான் ஊரிலிருந்து வந்தபோது போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அல்சூரில் எங்கள் சந்து ஒரு வண்டி போகிற அகலம்தான். வீட்டிலிருந்து வண்டியை எடுக்கும்போது அம்மா முன்னால் நின்று "வா, வா" என்று கை காட்டுவது வழக்கம். அன்றைக்கும் நின்றார்கள். நான் பிரேக்கிலிருந்து காலை லேசாக எடுத்தேன். வண்டி ஓர் அடி நகர்ந்திருக்கும், நடக்கிற வேகம்கூட இல்லை. அம்மா "ஐயோ" என்று பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றினார்கள். கார்டின் கீழ் பைப் முட்டிக்குக் கீழே எலும்பிலேயே இடித்துவிட்டது. "ஏண்டா, நான் நிக்கிறது தெரியலையா?" என்று கேட்டார்கள், அவ்வளவுதான். எக்ஸ்ரே எடுத்தோம், எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கால் கறுத்துப்போய் மூன்று வாரம் பிடித்துப் பிடித்து நடந்தார்கள். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. தப்பு என்னுடையது, முழுக்க என்னுடையது. ஆனால் அந்த வேகத்துக்கு அத்தனை அடி எப்படிப் பட்டது என்று மனசு கேட்கவில்லை.

சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டி முன்னால் உட்கார்ந்தேன். கீழ் பைப் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர், அம்மாவின் முட்டிக்குக் கிட்டத்தட்ட நேர். மேல் பைப் 91 சென்டிமீட்டர். வேடிக்கை பார்க்க வந்த மகளை ஓரமாக நிற்க வைத்து அளந்தேன். ஆறு வயது, 114 சென்டிமீட்டர் உயரம். மேல் பைப் அவள் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் வந்தது. டேப்பைச் சுருட்டிவிட்டேன். அதற்கு மேல் அளக்கத் தோன்றவில்லை.

அப்புறம் கார்டுக்குப் பின்னால் கையை விட்டு பம்பரைக் கட்டை விரலால் அழுத்தினேன். பிளாஸ்டிக் உள்ளே போய்த் திரும்பி வந்தது. அதற்குப் பின்னால் நுரைக் கட்டை, அதற்கும் பின்னால்தான் இரும்பு பீம். பானெட்டைத் திறந்தேன். உள் தகட்டில் வரிசையாக ஓட்டைகள் இருக்குமே, எடை குறைக்க வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அது மட்டும் காரணமில்லை. மேலே ஒரு தலை வந்து விழுந்தால் தகடு எங்கும் ஒரே மாதிரி அமுங்க வேண்டும், அதற்கும் சேர்த்துத்தான். தகட்டுக்கும் கீழே இருக்கிற இன்ஜின் மூடிக்கும் நடுவில் என் நாலு விரல் போனது. அந்த இடைவெளியையும் கணக்குப் போட்டே விட்டிருக்கிறார்கள். தகடு அமுங்கி இன்ஜினில் முட்டுவதற்குள் தலையின் வேகம் குறைந்துவிட வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு பாகம் எங்கே மடங்க வேண்டும் என்று டை போடும்போதே முடிவு செய்துவிடுவோம். இந்த வண்டியின் முகத்தையும் யாரோ அப்படி உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள். அதன் முன்னால் மடங்கவே மடங்காத ஒரு பைப்பைக் கட்டிக்கொண்டு நான் பத்து மாதம் ஓட்டியிருக்கிறேன்.

அப்படி யோசிக்கச் சொல்லி ஒரு விதியே இருக்கிறது. பாதசாரிகளைக் காக்க வந்த இந்திய வாகனத் தர விதி அது, ஏ.ஐ.எஸ். 100 என்று பெயர். புது மாடல் கார்களுக்கு 2018 அக்டோபரிலிருந்தும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2020 அக்டோபரிலிருந்தும் கட்டாயம். என் வண்டி அதற்குப் பிறகு வந்தது. 2008 நவம்பரில் ஐ.நா. மேற்பார்வையில் உலக நாடுகள் சேர்ந்து ஒத்துக்கொண்ட விதிதான் இதற்கு அடிப்படை. சோதனையைப் படித்தால் யாருக்கும் புரியும். கால் மாதிரி ஒரு கருவியை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பம்பர் மேல் எறிகிறார்கள். முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது, எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கிறார்கள். பிறகு பானெட் மேல் தலை மாதிரிகளை 35 கிலோமீட்டர் வேகத்தில் விடுகிறார்கள். குழந்தையின் தலைக்கு 3.5 கிலோ உருண்டை, பெரியவர்களுக்கு 4.5 கிலோ. தலைக் காயத்துக்கு ஓர் அளவெண் உண்டு. சோதிக்கிற பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு இடத்தில் அது 1,000-ஐத் தாண்டக் கூடாது, மிச்ச இடத்தில் 1,700-ஐத் தாண்டக் கூடாது. மிச்ச இடம் என்று விட்டுக்கொடுத்தது ஏன் என்றால், கீல், வைப்பர் அச்சு, ஓரத்து மடிப்பு மாதிரி இடங்களை எவ்வளவு முயன்றாலும் மெத்தையாக்க முடியாது.

இத்தனை சோதனையும் கார்டு இல்லாத வண்டியில்தான் நடக்கிறது. வெளியே கடையில் கார்டை மாட்டிய நிமிடமே அந்தக் கால் சோதனைக்கு அர்த்தம் போய்விடுகிறது. கார்டின் இரும்பு பிராக்கெட் நேராகச் சேசிஸில் போய் உட்கார்ந்திருப்பதால், மோதும்போது ஏர்பேக் சென்சாருக்குப் போகிற அதிர்வின் கணக்கும் மாறலாம். உள்ளே உட்கார்ந்திருக்கிற நமக்கும் அது பாதுகாப்பு கிடையாது.

கார்டு மாட்டுவது சட்டப்படியும் தப்பு. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதிய கடிதத்தில் இது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. இத்தனைக்குப் பிறகும் ஜே.சி. ரோடில் கார்டுகளை வாசலிலேயே தோரணம் மாதிரி தொங்கவிட்டிருக்கிறார்கள். பத்து மாதத்தில் என்னை ஒருவரும் நிறுத்திக் கேட்டதில்லை. இது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

நம் நாட்டில் 2022-இல் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஒரு நாளைக்குத் தொண்ணூறு பேர். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஆபரேஷன் டேபிளில் அடிபட்டவர்களைப் பார்த்தவர் கோர்ட்டுக்குப் போகிறார் என்றால் சும்மா போக மாட்டார். அமெரிக்காவில் பாதசாரியின் தலையைக் காக்க பானெட்டுக்கு ஒரு விதி வேண்டும் என்று அரசு முன்மொழிந்ததே 2024 செப்டம்பரில்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2022-இல் மட்டும், அங்கே 7,500-க்கும் மேற்பட்ட பாதசாரிகள் இறந்திருக்கிறார்கள். அந்த விஷயத்தில் நாம் அவர்களுக்கு முன்னால் இருக்கிறோம். ஆனால் இந்திய விதி இரண்டரை டன்னுக்கு உட்பட்ட கார்களுக்குத்தான். லாரிக்கும் பஸ்ஸுக்கும் இல்லை. அது பெரிய குறை.

சரி, கடைக்கு வருகிறேன். மினர்வா சர்க்கிளுக்குப் பக்கத்துச் சந்தில் ஒற்றை ஷட்டர். பட்டறை வைத்திருக்கிற தம்பி தருமபுரிக்காரர். வண்டியைப் பார்த்ததும், "என்னண்ணா, எல்.இ.டி. மாட்டணுமா?" என்றார். கழற்ற வேண்டும் என்றேன். "கழட்டவா? மாட்டத்தாண்ணா எல்லாரும் வர்றாங்க" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். ஆனால் வேலையில் இறங்கியதும் மனுஷன் பொறுமைசாலி. நாலு போல்ட்டில் ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தது. சுத்தியலைத் தூக்காமல் எண்ணெய் விட்டு இருபது நிமிஷம் காத்திருந்து எடுத்தார். போல்ட் இருந்த இடத்தில் துரு ஏறாமல் இருக்கப் பெயின்டும் அடித்தார், நான் கேட்கவே இல்லை. மொத்தம் ஒன்றேகால் மணி நேரம்.

கழற்றிய பிறகுதான் முன்பு மாட்டியவர்கள் செய்த அநியாயம் தெரிந்தது. பிராக்கெட் நுழைவதற்காகக் கீழ் கிரில்லை ஹாக்சாவால் அறுத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்து நுரைக் கட்டையிலும் ஒரு துண்டு வெட்டி எடுத்திருந்தார்கள். யார் காலையோ காப்பாற்ற வைத்த நுரை அது. கிரில் 1,450 ரூபாய்க்கு அதே தெருவில் கிடைத்தது. நுரைக் கட்டைக்குக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஆர்டர் கொடுத்து ஒன்பது நாள் காத்திருந்தேன். கடையில் கூலி 600, கிளிப்புகள் 120.

கடையின் மேல் இரண்டு குறை. பம்பர் கிளிப் ஒன்றை உடைத்துவிட்டு, நான் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் மாற்றினார்கள். இடது ஃபாக் லைட்டைத் திரும்ப மாட்டும்போது மேலே தூக்கி வைத்துவிட்டார்கள். அன்று ராத்திரி எதிரே வந்த ஆட்டோக்காரர் கையால் கண்ணை மறைத்தபோதுதான் தெரிந்தது. மறுநாள் போனேன், காசு வாங்காமல் சரி செய்து கொடுத்தார்கள். நீங்கள் போனால் கிளம்புவதற்கு முன்னால் ஒரு சுவரெதிரில் நிறுத்தி லைட்டைப் பார்த்துவிடுங்கள்.

வண்டி எப்படி இருக்கிறது என்றால், முதல் வாரம் முகம் மொட்டையாகத் தெரிந்தது, பிறகு பழகிவிட்டது. சிக்னலில் பம்பரில் இரண்டு கீறல் விழுந்திருக்கிறது. விழட்டும். அம்மா இப்போதும் கை காட்டத்தான் நிற்கிறார்கள், எதிர்வீட்டுத் திண்ணை மேல் ஏறி நின்றுகொண்டு. அங்கிருந்து கூப்பிடும் வரை நான் பிரேக்கிலிருந்து காலை எடுப்பதில்லை.

கிளம்பும்போது அந்தத் தம்பி, "கார்ட நானே எடுத்துக்கறேண்ணா, ரெண்டாயிரத்து ஐநூறு தர்றேன், நாளைக்கே ஒருத்தருக்கு மாட்டிடலாம்" என்றார். கேட்டது தப்பில்லை, அவர் பிழைப்பு அது. என்னால் கொடுக்க முடியவில்லை. பின் சீட்டை மடக்கி ஏற்றிக்கொண்டு, மர்ஃபி டவுன் பக்கம் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். தராசில் 19 கிலோ. அப்படியே போடாதீர்கள், என் கண் முன்னால் அறுத்துவிடுங்கள் என்றேன். கடைக்காரர் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு கட்டிங் மெஷினை எடுத்தார். மேல் பைப் மூன்று துண்டு, கீழ் பைப் இரண்டு. கிலோ 28 ரூபாய் வீதம் 532 ரூபாய் கையில் வைத்தார்.