உடைந்த படிக்கு எது: சூப்பர் க்ளூவா, கரைப்பான் பசையா?

1:87 அளவு மாதிரி ரயில் பெட்டியின் படி உடைந்தால், கை முதலில் தேடுவது சூப்பர் க்ளூவைத்தான். நொடிகளில் பிடித்துக்கொள்ளும், ஆனால் ஒட்டு விறைப்பானது, பக்கவாட்டில் லேசாக இடித்தாலே தெறித்துவிடும். அதன் ஆவி ஜன்னல்களில் வெண்படலமாகப் படிந்து, ஒரு பெட்டியையே பாழாக்கியிருக்கிறேன்.

கரைப்பான் பசை வேறு ரகம். படி செய்யப்பட்டிருக்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் இரு முனைகளையும் இளக்கி ஒன்றாக்கிவிடுகிறது. முறிந்த விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து, மெல்லிய தூரிகை நுனியால் ஒரு சொட்டு வைத்தால் போதும், இடுக்கில் தானே ஓடிப் பரவும். பிறகு ஓர் இரவு தொடக்கூடாது, அவசரக்காரர்களுக்கு ஆகாது. என் ஓட்டு இதற்கே.

கைப்பிடிக் கம்பி வழுவழுப்பான அசிட்டால் பிளாஸ்டிக் என்றால் இரண்டையும் நம்ப முடியாது. மெல்லிய பித்தளைக் கம்பியை வளைத்துப் பொருத்திவிடுவேன்.